மேல்தோலில் ஒரு விரிசல்

என் சித்தப்பாவின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பித்தளைக் கரண்டி இருக்கும். சோறு எடுக்கிற கரண்டி இல்லை. மருந்து அளந்து கொடுக்கிற அளவுக்குச் சின்னது. அனுப்பர்பாளையத்தில் பாத்திரப் பட்டறை வைத்திருந்த அவருடைய சிநேகிதர் செய்து கொடுத்தது. சூளையிலிருந்து இறக்கி, அரைத்து, வழுவழுப்பாக்கி, தட்டில் அடுக்கிய பீங்கான் குச்சிகளில் ஒன்றை எடுத்து, இடது கையின் இரண்டு விரல் நுனிகளில் தொங்கவிட்டாற்போலப் பிடித்துக்கொண்டு, அந்தக் கரண்டிக் காம்பால் ஒரு தட்டுத் தட்டுவார். கோயில் மணியின் கடைக்குட்டி போல ஒரு சத்தம் வரும். அது அடங்கும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். நல்ல பீங்கான் என்றால் தலை லேசாக ஒரு பக்கம் சாயும். சத்தம் எங்காவது தேய்ந்து கரகரத்தால் அந்தக் குச்சி தரையில் இருக்கும் பக்கெட்டுக்குள் போய்விடும். "சத்தம் பொய் சொல்லாது கண்ணு" என்பார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்காத வாரமே இல்லை.

வெள்ளகோவிலுக்குப் போகிற சாலையில், ஒரு கோழிப்பண்ணையை அடுத்து அவருடைய கொட்டகை இருந்தது. இப்போதும் இருக்கிறது. திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் துணி பின்னுகிற வட்ட மெஷின்களுக்கு அங்கே உதிரிப் பாகங்கள் செய்தோம். நூல் சுற்றிய கோனிலிருந்து கிளம்பும் நூல் ஊசிக்குப் போய்ச் சேருவதற்குள் பல இடங்களில் வளைந்து திரும்ப வேண்டும். திரும்புகிற இடத்தில் இரும்பு இருந்தால் நூல் அதை நாளடைவில் அறுத்துவிடும். பஞ்சு நூல் இரும்பை அறுக்கும் என்று சொன்னால் வெளியாட்கள் நம்புவதில்லை, ஆனால் அறுக்கும். அதனால் அந்த இடங்களில் விரல் தடிமனுக்குப் பீங்கான் குச்சிகளைப் பொருத்துவார்கள். கண்ணாடியைவிட வழுவழுப்பாக இருக்கும். அதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு இருந்தால் போதும், நூலின் இழைகளை அது கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கும். நூல் மெலியும், இழுபடும், துணியில் படுக்கைவாட்டில் கோடு விழும். சாயம் போட்ட பிறகுதான் அந்தக் கோடு பளிச்சென்று தெரியவரும். அதற்குள் துணி டன் கணக்கில் ஓடியிருக்கும்.

நான் கோயம்புத்தூரில் பௌதிகம் படித்து, சென்னைக்குப் பக்கத்தில் கொதிகலன் செய்யும் ஆலை ஒன்றில் வெல்டிங் மூட்டுகளை ஒலியால் சோதிக்கும் வேலையில் இருந்தேன். கல்யாணத்துக்குப் பின் திருப்பூருக்கே திரும்பி வந்தபோது, "வெளிய எங்கயும் போவேண்டாம் சாமி, நம்ம கொட்டாய்லயே அந்த மெஷினை வெச்சுக்கலாம்" என்று சித்தப்பாதான் கூப்பிட்டார். எனக்கு வேலை கொடுக்க மட்டுமே அப்படிச் சொன்னார் என்று சொல்ல மாட்டேன். பின்னல் மெஷின் செய்கிற வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று அவருடைய குச்சிகளை நேரடியாக வாங்குவதற்கு முன்வந்திருந்தது. ஒவ்வொரு தொகுதிக்கும் சோதனைச் சான்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். சித்தப்பாவுக்கு அது ஒரு விளையாட்டாக இருந்தது. அவர் காது ஏற்கெனவே சொன்னதை மெஷின் இன்னொரு தரம் காகிதத்தில் சொல்லப்போகிறது, அவ்வளவுதான். மெஷின் பெட்டி வந்து இறங்கிய அன்று அதற்குச் சந்தனம் வைத்து, பூப்போட்டு, கற்பூரம் காட்டினார். தண்ணீர்த் தொட்டிக்கும் ஒரு பொட்டு வைத்தார்.

அந்தச் சோதனை கேட்பதற்குத்தான் பெரிது. காதுக்கு எட்டாத உயர்ந்த சுருதியில் ஒரு சத்தத்தை உண்டாக்கி, அதைத் தண்ணீர் வழியாகப் பீங்கானின் மேல் சாய்வாக விட வேண்டும். ஒரு குறிப்பிட்ட சாய்வில் விட்டால் சத்தம் உள்ளே புகாமல் மேல்தோலை ஒட்டியே ஓடும். குளத்துத் தண்ணீரின் மேல் அலை ஓடுவதைப் போல. வழியில் ஒன்றும் இல்லையென்றால் அது தன் போக்கில் போய் அடங்கிவிடும். தலைமுடியில் பாதி அளவுக்கு ஒரு விரிசல் இருந்தாலும் அதில் முட்டி ஒரு பங்கு திரும்பி வரும். திரும்பி வந்த சத்தம் திரையில் ஒரு முள்ளாக எழும்பும். குச்சியை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருந்தால், விரிசல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் அந்த முள்ளே காட்டிக்கொடுத்துவிடும். வேண்டுமென்றே கீறல் போட்ட ஒரு குச்சியை வைத்துத்தான் முதலில் மெஷினைப் பழக்குவோம். பழக்கி முடித்ததும் நான் கொட்டகைத் தட்டிலிருந்து எதையும் எடுத்துச் சோதிக்கவில்லை. "எல்லாரையும் கூப்புட்டு வெச்சு, அவுங்க கண்ணு முன்னால முதல் பீஸைப் போடலாம்" என்று சித்தப்பா சொல்லியிருந்தார். எனக்கும் அதில் தப்பு ஒன்றும் தெரியவில்லை.

அப்படி எல்லோரையும் கூப்பிட்ட அன்று காலை வெளிநாட்டுக் கம்பெனியின் சென்னை அலுவலகத்திலிருந்து ஓர் இன்ஜினியர் வந்திருந்தார். சித்தப்பாவிடம் வருஷக்கணக்கில் குச்சி வாங்குகிற பனியன் கம்பெனி முதலாளிகள் சிலரும் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு வெள்ளை உறை மாட்டியிருந்தது. சித்தப்பா புதுச் சட்டை போட்டிருந்தார். தட்டிலிருந்து தானே ஒரு குச்சியைத் தேர்ந்தெடுத்து, கரண்டியால் தட்டி, அந்தச் சத்தம் அடங்கும்வரை எல்லோரையும் கையால் அமைதிப்படுத்தி, "கேட்டீங்களா? இதுக்கு மேல மெஷின் என்ன சொல்லப்போவுது?" என்றார். சிரித்தார்கள். குச்சியை என்னிடம் கொடுத்தார்.

நான் அதைச் சுழல்தண்டில் பொருத்தித் தண்ணீருக்குள் இறக்கினேன். திரையில் கோடு தட்டையாக ஓடியது. கால் சுற்று. அரைச் சுற்று. பிறகு ஒரு முள் எழும்பியது. பழக்கும் குச்சியின் கீறலுக்கு எழும்பியதைவிட அது உயரம். இன்னும் கொஞ்சம் சுற்றியதும் பக்கத்திலேயே இன்னொன்று.

திரையை எல்லோரும் பார்க்கும்படி பெரிய டிவியில் இணைத்திருந்தது. அதையும் சித்தப்பாதான் ஏற்பாடு செய்தார். முள் என்றால் என்ன அர்த்தம் என்று ஐந்து நிமிஷம் முன்னால் நானே எல்லோருக்கும் விளக்கியிருந்தேன். இப்போது யாரும் எதுவும் கேட்கவில்லை. சித்தப்பா இன்னொரு குச்சியை எடுத்தார். தட்டினார். அந்தத் தடவை கண்ணை மூடவில்லை. அதிலும் முள். மூன்றாவதை அவர் தட்டவே இல்லை, அப்படியே நீட்டினார். அதிலும். எனக்கு அந்தத் திரையை அணைத்துவிட வேண்டும் போல் இருந்தது. சுவிட்ச் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. இன்ஜினியர் நல்ல மனுஷர். டீ டம்ளரைக் குனிந்து பார்த்துக்கொண்டு, அதில் ஏதோ விழுந்துவிட்டதைப் போல ஊதிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து, வெளியே அடுப்படியிலிருந்து சித்தி ஒரு தட்டு நிறையக் கேசரியோடு உள்ளே வந்தார். "ஏனுங்க, எல்லாம் நல்லபடியா வந்துச்சுங்களா? இனிப்பு எடுத்துக்கோங்க எல்லாரும்" என்று ஒவ்வொருவரிடமும் நீட்டினார். எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நல்ல செய்தி கேட்டவர்களைப் போலத் தலையாட்டிக்கொண்டே தின்றார்கள். சித்தியின் முகத்தில் இருந்த அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு குன்றுகிறது.

அடுத்த சில நாட்கள் சித்தப்பா மெஷினைத்தான் குறை சொன்னார். தண்ணீர் உப்புத் தண்ணீர் என்றார். கரண்ட் ஏறி இறங்குகிறது என்றார். "இத்தனை வருசமா கேட்ட காது கண்ணு இது" என்று ஒரு தடவை காதைத் தொட்டுக் காட்டினார். நான் முள் காட்டிய ஒரு குச்சியை வைரச் சக்கரத்தில் குறுக்காக அறுத்து, சிவப்புச் சாயத்தில் ஊறவைத்துத் துடைத்து, லென்ஸுக்கு அடியில் வைத்தேன். விளிம்பிலிருந்து உள்ளே மயிர் மாதிரி ஒரு சிவப்புக் கோடு, கொஞ்சதூரம் போய் நின்றிருந்தது. அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "அப்ப சத்தம் எப்படீம்மா கணீர்னு வந்துச்சு?" என்று கேட்டார். தட்டும்போது குச்சி முழுவதும் அதிர்கிறது. விரிசல் உடம்புக்குள் ஆழமாகப் போயிருந்தால்தான் அந்த அதிர்வு கெடும். இது தோலோடு நின்றுவிட்டது. அதனால் உங்கள் காதுக்கு வர வழியில்லை என்று சொன்னேன். அவர் நிமிர்ந்தார். அதற்குப் பிறகு மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பழைய சரக்கு கொஞ்சம் அலமாரியில் இருந்தது. எடுத்துச் சோதித்தேன். அதில் ஒரு முள்கூட இல்லை. புதிய சரக்கில்தான் எல்லாம். இடையில் என்ன மாறியது என்று தேடுவதற்கு அதிக நேரம் ஆகவில்லை. தீபாவளிக்குப் பிறகு ஆர்டர் குவிந்தபோது அரைக்கும் சக்கரத்தை மாற்றி, வேகத்தைக் கூட்டியிருந்தோம். வேகமாக அரைத்தால் சூடேறும். சூடேறிய பீங்கான்மேல் தண்ணீர் பட்டால் மேல்தோல் வெடிக்கும். வேகத்தைக் கூட்டலாமா என்று அரைக்கிற ஆட்கள் கேட்டபோது, ஒன்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தாராளமாக் கூட்டுங்க" என்று சொன்னவர் சித்தப்பாதான். அதையும் அவரே சொன்னார். யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

சித்தியின் தம்பிதான் விற்பனையைப் பார்த்துக்கொண்டார். கெட்டிக்காரர். "மாமா, வாய விட்டு ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. புது மாடல் வந்துருக்குதுன்னு சொல்லி மாத்திக் குடுத்துரலாம். அவுங்களுக்கும் சந்தோசம், நம்ம பேரும் நிக்கும்" என்றார். உண்மையைச் சொன்னால் அந்த யோசனை எனக்கும் அப்போது பிடித்திருந்தது. சித்தப்பா வேனின் பின்கதவைத் திறந்து பெட்டிகளை அடுக்கச் சொன்னார். "நீயும் வா கண்ணு. நான் சொன்னா ஏதோ வியாபாரத்துக்குச் சொல்றன்னு நெனச்சுக்குவாங்க. நீ வெளக்கிச் சொல்லோணும்."

அப்படித்தான் கம்பெனி கம்பெனியாகப் போக ஆரம்பித்தோம். முன்பு இதே வாசல்களில் அவரோடு வந்திருக்கிறேன். வாட்ச்மேன் எழுந்து நிற்பார்; உள்ளே போனதும் இளநீர் வரும். இப்போது அவர் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிடுவார்: "நான் குடுத்த குச்சி சரியில்லீங்க. தப்பு எங்க பக்கம். கழட்டிக் குடுத்துருங்க, நல்லது மாத்தித் தாரேன்." நான் பெட்டியைத் திறந்து அறுத்த குச்சியைக் காட்டி விளக்குவேன். ஒருவர் "விடுங்கண்ணா, இதுக்கா நேர்ல வந்தீங்க" என்று தோளைத் தட்டினார். ஒருவர் தன் மேனேஜரை அனுப்பிவிட்டு, கண்ணாடி அறைக்குள்ளிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே போனில் பேசினார். இன்னொருவர், சித்தப்பாவைவிட வயதில் ரொம்பச் சின்னவர், "கரண்டி என்னங்கண்ணா சொல்லுச்சு?" என்று கேட்டுச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் பெட்டியின் கொக்கியை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். மறுநாள் வேனிலேயே இருந்துகொள்கிறேன் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொரு வாசலிலும் அவருக்குப் பின்னால் இரண்டடி தள்ளியே நடந்தேன்.

பல்லடம் போகும் சாலையில் ஒரு பின்னலாடைக் கம்பெனி. அங்கே முதலாளி ஊரில் இல்லை. தளப் பொறுப்பாளர் எங்களை மெஷின்கள் ஓடுகிற இடத்துக்கே கூட்டிப்போனார். நான் விளக்கியதைக் கேட்டவர், "படுக்கைக் கோடுங்களா?" என்றார். "அது எங்களுக்கும் வந்துச்சுங்க. கன்டெய்னருக்குப் போவ வேண்டிய துணி பூராம் ரிஜெக்ட் ஆயிருச்சு. ஆனா அது குச்சியில்லீங்க. எங்க ஃபிட்டர் நூலோட டென்ஷன் செட்டிங்ல பண்ணுன தப்பு. அந்தாளை அப்பவே அனுப்பீட்டம்."

சித்தப்பா எந்த மெஷின் என்று கேட்டார். அதிலிருந்து குச்சிகளைக் கழற்றித் தரச் சொன்னார். அன்று மாலையே கொட்டகையில் நான் சோதித்தேன். ஒவ்வொன்றிலும் முள். சித்தப்பா திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் நாங்கள் திரும்பவும் போனபோது அந்தப் பொறுப்பாளர் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஃபிட்டர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். கல்யாணமான புதிதில் மனைவியோடு திருப்பூருக்கு வந்தவர். கோடு விழுந்த துணியை முதலாளி ஷிப்ட் மாறுகிற நேரத்தில் தரையில் விரித்துப் போட்டு, போகிறவர்களையும் வருகிறவர்களையும் நிற்க வைத்து, அந்த ஆளை அதற்குப் பக்கத்தில் நிற்கச் சொல்லிப் பேசியிருக்கிறார். என்ன பேசினார் என்று அவர் சொல்லவில்லை. "கோவத்துல எல்லாரும் பேசறதுதானுங்களே" என்று மட்டும் சொன்னார். இப்போது அனுப்பர்பாளையத்தில் ஏதோ பாத்திரப் பட்டறையில் இருப்பதாகக் கேள்வி என்றார்.

சித்தப்பாவுக்கு அங்கே ஆள் தெரியும் என்பதால் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனோம். ஒரே வரிசையில் இருந்த வாடகை வீடுகளில் கடைசி வீடு. வாசலில் துவைத்த யூனிஃபார்ம் காய்ந்தது. உள்ளே மாதா படத்தைச் சுற்றிச் சின்ன விளக்குகள் எரிந்தன. ஃபிட்டர் பாலிஷ் வேலை முடித்து வந்து குளித்திருந்தார். ஆனாலும் நகக் கண்ணெல்லாம் கறுப்பு. யார், என்ன என்று தெரியாமலேயே, "வாங்க சார், உள்ள வாங்க" என்று இருந்த ஒரே நாற்காலியைத் துடைத்துப் போட்டார். சித்தப்பா உட்காரவில்லை.

"நீங்க என்னைப் பாத்ததில்லீங்க. அந்த மெஷின்ல மாட்டியிருந்த பீங்கான் குச்சி என்ற கொட்டாய்ல செஞ்சது. அதுல விரிசல் இருந்துச்சுங்க. கோடு உளுந்தது அதனாலதான். உங்க தப்பு அதுல ஒண்ணுமே இல்லீங்க."

ஃபிட்டர் கையை நீட்டினார். நான் ஒரு குச்சியைக் கொடுத்தேன். விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் மேலிருந்து கீழாகத் தடவினார். திருப்பி மறுபடியும் தடவினார். "ஒண்ணும் தட்டலியே, மேடம்."

"யாருக்கும் தட்டாதுங்க. கண்ணுக்கும் தெரியாது. சத்தத்தை விட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றேன்.

"அன்னைக்கும் இப்படித்தான் தடவிப் பாத்தேன்." குச்சியைக் கீழே வைக்காமலேயே பேசினார். "எல்லா எடத்துலயும் பாத்தேன். ஒண்ணும் தட்டல. அப்பதான் எனக்கு என் வெரல் மேலயே சந்தேகம் வந்துட்டு. உணர்ச்சி கொறஞ்சு போச்சோன்னு பயந்துட்டேன். டாக்டர்ட்ட போயிக் காட்டுனேன். ஊசியால குத்திக் குத்திப் பாத்தாரு. நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்குன்னுட்டாரு. எனக்கு நம்பிக்கை வரல. அதுக்கப்புறம் மெஷின் பக்கம் போவவே இல்ல."

சித்தப்பா கை கூப்பினார். ஃபிட்டர் பதறிப்போய், "ஐயோ, வயசுல பெரியவங்க, வேண்டாம் சார்" என்று அவர் கைகளைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த அவர் மனைவி நகரவில்லை. கார்மெண்ட்ஸில் தைக்கிறவர். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"நீங்க இங்க வந்து சொல்லுதீங்க. நாலு சொவத்துக்குள்ள, எங்க ரெண்டு பேருக்கு முன்னால சொல்லுதீங்க. அன்னைக்கு அவங்களை நிக்க வச்சது இங்கயா? அந்தக் கம்பெனியில வேல பாக்குற பிள்ளைங்க என் லைன்லயும் நாலஞ்சு பேரு இருக்கு. துணியக் கெடுத்தவரு பொண்டாட்டின்னுதான் எனக்கு அங்க பேரு. அத யாரு போயி மாத்துவா?"

"நீ சும்மா இரு" என்றார் ஃபிட்டர்.

"இல்லீங்க, அவுங்க சொல்றது சரி" என்றார் சித்தப்பா. "அங்கயே நின்னு நான் சொல்றனுங்க."

அந்தக் கம்பெனி முதலாளி ஊரிலிருந்து திரும்பியதும் சித்தப்பா அவரைப் போய்ப் பார்த்தார். நானும் இருந்தேன். குச்சியில் குறை இருந்ததை முதலாளி உடனே ஒத்துக்கொண்டார். அதில் அவருக்குச் சங்கடம் இல்லை. ஷிப்ட் மாறும்போது ஆட்களிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்றதும்தான் முகம் மாறியது. "அதெல்லாம் எதுக்குங்கண்ணா? அப்பறம் ஆளுக என்னைய மதிப்பாங்களா? வேணும்னா அந்தாளை வேலைக்கு வரச் சொல்லுங்க, சேத்துக்கறேன். தளத்துக்குள்ள வேண்டாம்." சித்தப்பா கெஞ்சினார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். நாங்கள் எழுந்தோம்.

வெளியே வந்து சித்தப்பா வேனில் ஏறவில்லை. கேட்டுக்கு எதிரே, சாலை ஓரத்தில், பேக்கரிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். "ஷிப்ட் எத்தனை மணிக்கு உடறாங்க?" என்று டீ போடுகிறவரிடம் கேட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. "வேண்டாங்க சித்தப்பா" என்றேன். "ரோட்டுல நின்னு வேண்டாங்க. பஸ்ஸுல போறவங்கள்லாம் பாப்பாங்க." அவர் வேஷ்டியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டார். ஃபிட்டருக்குப் போன் செய்து சொன்னேன். "நான் வரல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

சங்கு ஊதியது. ஆட்கள் வெளியே வர ஆரம்பித்தார்கள். டிபன் பாக்ஸ், கழுத்தில் அடையாள அட்டை, தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசி. சித்தப்பா கேட்டுக்கு நேராகப் போய்க் கை கூப்பி நின்றார். முதலில் வந்தவர்கள் ஏதோ நன்கொடைக்கு நிற்கிறவர் என்று நினைத்து விலகிப் போனார்கள். "ஒரு நிமிசம் நின்னு கேட்டுட்டுப் போங்க சாமீ" என்று சத்தமாகச் சொன்னார். சிலர் நின்றார்கள். அவர்களைப் பார்த்து இன்னும் சிலர். சித்தப்பா சொன்னார்: துணியில் கோடு விழுந்தது ஃபிட்டர் தப்பில்லை; நான் செய்த பீங்கானில் விரிசல்; வேலை அவசரத்தில் நான்தான் வேகமாக அரைக்கச் சொன்னேன்; அந்த மனுஷனை நீங்கள் எல்லோரும் பார்க்க நிற்க வைத்தார்கள்; நிற்க வேண்டியது நான்.

கூட்டத்தில் பாதிப்பேர் வடக்கிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்குப் புரியவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பீகார்க்காரர் ஒருவர், நரை விழுந்தவர், முன்னால் வந்து சித்தப்பாவுக்குப் பக்கத்தில் நின்று, அவர் சொன்னதை இந்தியில் ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவர் சொல்லி முடிக்கிறவரைக்கும் சித்தப்பா கூப்பிய கையை இறக்கவில்லை. தமக்குத் தெரியாத பாஷையில் தம்முடைய தப்பை இன்னொருவர் வாயால் கேட்டுக்கொண்டு, தலை குனிந்து நின்றார். பல்லடம் பஸ் ஒன்று ஆட்களை ஏற்ற நின்றது, ஜன்னல்களில் முகங்கள். யாரோ போனில் படம் பிடித்தார்கள். ஏன் அழுதேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அவரை அப்படிப் பார்த்ததற்கா, அவருக்குப் பக்கத்தில் போய் நிற்காமல் பேக்கரி நிழலிலேயே நான் நின்றதற்கா. அந்தப் பீகார்க்காரர் நின்றார். என் கால் நகரவில்லை.

கூட்டம் கலைந்தபோதுதான் சாலையின் அந்தப் பக்கம் ஃபிட்டரின் மனைவி நிற்பதைப் பார்த்தேன். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். கத்தரி கோத்த கயிறு இன்னும் கழுத்தில் இருந்தது. எங்களிடம் வரவில்லை, பேசவில்லை. முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை சாதாரணமானவை. வெளிநாட்டு ஆர்டர் வரவில்லை. வாடிக்கையாளர்களில் சிலர் போய்விட்டார்கள், சிலர் இருந்தார்கள். சக்கரத்தின் வேகத்தைக் குறைத்தோம். ஒவ்வொரு குச்சியும் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டித்தான் வெளியே போகிறது. ஃபிட்டர் பழைய கம்பெனிக்குப் போகவில்லை. எங்கள் கொட்டகையில் வேலை தருவதாகச் சித்தப்பா சொன்னதற்கும் வரவில்லை. கம்பெனி கேட் முன்னால் எடுத்த அந்தப் படம் மட்டும் ஊரெல்லாம் சுற்றியது. கல்யாண வீடுகளில் இன்றைக்கும் யாராவது சித்தப்பாவைக் காட்டி, "ரோட்டுல நின்னு தப்பை ஒத்துக்கிட்டாரே, அவருங்க" என்று மரியாதையோடு அறிமுகப்படுத்துகிறார்கள். அப்போதெல்லாம் அவர் சாப்பிடாமல் கிளம்பிவிடுவார். "நல்லவன்னு சொல்றாங்க கண்ணு. அந்த மனுசன் என்ன ஆனாருன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. எனக்குக் கூசுது" என்று வேனில் ஒருமுறை சொன்னார்.

போன மாதம் பெருமாநல்லூர்ப் பக்கம் ஒரு கம்பெனியிலிருந்து கூப்பிட்டார்கள். துணியில் கோடு விழுகிறது, குச்சிகளைப் பார்க்க வேண்டும் என்றார்கள். இப்போது எடுத்துப் போகிற அளவுக்குச் சின்ன மெஷின் இருக்கிறது. போனேன். பின்னல் தளத்தில் ஸ்பேனரோடு என்னை எதிர்கொண்டவர் அந்த ஃபிட்டர்தான். நெற்றியில் முடி பின்னேறியிருந்தது. "வாங்க மேடம்" என்றார். எப்போது மெஷினுக்குத் திரும்பினார் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. குச்சிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாகச் சுழற்றினேன். திரையில் கோடு தட்டையாகவே ஓடியது. கடைசிக் குச்சியும் சுத்தம். எங்கள் பீங்கானில் குறையில்லை என்று தெரிந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி எழுந்தது. அது யார் தலையில் போய் விழும் என்பது மறு நொடியே புரிந்தபோது, நிமிர்ந்து அவரைப் பார்க்க முடியவில்லை.

"அப்ப செட்டிங்தான். என் தப்புதான் இது" என்றார் அவர். குரலில் ஒரு கனமும் இல்லை. அங்கிருந்தே சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, "அண்ணே, குச்சி நல்லாருக்கு. டென்ஷன் நாந்தான் தப்பா வச்சிருக்கேன், இப்ப சரி பண்ணிருதேன்" என்று சொல்லிவிட்டு, மெஷினுக்கு அடியில் குனிந்தார். சூப்பர்வைசர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் கொட்டகைக்கு வந்து சித்தப்பாவிடம் நடந்ததைச் சொன்னேன். அந்த ஃபிட்டரைப் பார்த்தேன் என்றதும் அவர் செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்திவிட்டார். குச்சிகள் எல்லாம் சுத்தமாக இருந்தன என்றேன். அது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

"அவரை யாராச்சும் நிக்க வெச்சுப் பேசுனாங்களா கண்ணு?"

"இல்லீங்க சித்தப்பா. அவரே சொன்னாரு, அவரே சரி பண்ணீட்டாரு."

சித்தப்பா எழுந்து, கை கழுவப் போனார்.